ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருபத்தேழு சாட்சிகள்

2006 செப்டம்பரில் கடலூர் மாவட்டத்தில் நிமிர்ந்து நடந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லோரையும் சிக்குன்குனியா குனிய வைத்திருந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பெயர் சுரேந்தர். முதுநகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் இயங்கும் ராமாமிர்தம் துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன். மாடிக்குப் பதினெட்டுப் படிகள். காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் படிக்கு ஒரு சாமி பெயரைச் சொல்லித்தான் ஏற முடிந்தது. பதினாறாவது படியில் சாமிகள் தீர்ந்துபோய் மாமனார் பெயரைச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் மேலே போய்ச் சேர்ந்தபோது மேஜைமேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. வாயில் வலைத்துணியும் ரப்பர் பேண்டும். உள்ளே கலங்கிய தண்ணீரில் ஏதோ நெளிந்தது.

"காபி கேட்டா இதைக் குடுக்கறீங்களே மேடம்?"

"கொசுப்புழு. இருபத்தேழு. எண்ணிட்டேன்," என்றார் ராமாமிர்தம். "ரப்பர் பேண்டுல கைய வைக்காத."

மேடத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் இணைப்புக் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். ஊரார் பேச்சைக் காதில் வாங்கியும் வாங்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும் பயிற்சி அங்கே கிடைத்தது. முக்கியமாக எதையாவது கேட்டால் மட்டும் வலது காது மடலைத் தேய்த்துக்கொள்வார். அந்த ஒரு பலவீனம் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சின்னம்மாள், உப்பனாற்றங்கரை ஈச்சமேடு குப்பத்தில் மீன் விற்பவர். பச்சை நைலான் வலைநூலால் கட்டிய மீன்கூடையை வாசலில் வைத்திருந்தார். இன்னொருத்தி அவர் மகள் வெண்மதி. குப்பத்தின் முதல் பி.எஸ்ஸி. விலங்கியல். இரண்டு மாதமாகச் சுகாதாரத் துறையில் ஒப்பந்தக் கொசு ஒழிப்புப் பணியாளர். அழுது முடித்த கண்கள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊர்க் கூட்டம்மா," என்றார் சின்னம்மாள். "எங்கள ஊர விட்டுத் தள்ளி வைக்கப் போறாங்க. தள்ளி வச்சாக்கா எங்க வூட்டுக்காரரு போட்டைத் தண்ணியில எறக்க ஒருத்தன் தோள் குடுக்க மாட்டான். கடையில உப்பு தர மாட்டான். சாவு விழுந்தாக்கூட தூக்க ஆளு கெடையாது."

"எதுக்குத் தள்ளி வைக்கறாங்க?"

"நான் போட்ட கையெழுத்துக்கு மேடம்," என்றாள் வெண்மதி.

விஷயம் இதுதான். ஆற்றுக்கு அக்கரையில் நீலதாரா கெமிக்கல்ஸ். அங்கே கழிவுநீரைத் தேக்கி வைக்கப் பெரிய பெரிய தொட்டிகள். சுத்தம் செய்யாமல் அதை ஆற்றில் விடக் கூடாது, விட்டால் பரிசோதகர்கள் வந்து பிடிப்பார்கள். ஆனால் அந்த மாதம் பரிசோதகர்களில் பாதிப் பேர் படுக்கையில். மீதிப் பேர் தோளில் புகை மெஷினோடு தெருத்தெருவாகக் கொசு விரட்டிக்கொண்டிருந்தார்கள். எனவே மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கொள்ளைநோய் தீரும்வரை ஆலைகளில் நேரடிப் பரிசோதனை கிடையாது. திறந்த தொட்டி எதிலாவது கொசுப்புழு இருப்பதாகச் சுகாதாரப் பணியாளர் சான்று கொடுத்தால், அதை உடனே காலி செய்ய வேண்டும். எங்கே காலி செய்வது என்று எழுத அந்த அதிகாரிக்கும் மூட்டுவலி வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை வெண்மதி சான்று கொடுத்தாள். வியாழக்கிழமை இரவு தொட்டியைத் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது உப்பனாறு முழுக்க மீன் மல்லாந்து கிடந்தது.

"தொட்டிய நீ பாத்தியா?" என்றார் மேடம்.

வெண்மதி தலைகுனிந்தாள். "இல்ல மேடம். கேட்டுலயே நிறுத்திட்டாங்க. ஹெல்மெட், பூட்ஸ் இல்லாம உள்ள வுட மாட்டாங்களாம். பாதுகாப்பு விதியாம். மேனேஜர் ஜெயப்பிரகாஷ் சாரே ஒரு பாட்டில்ல புடிச்சாந்து குடுத்தாரு. எனக்கு அன்னிக்கு இன்னும் அறுவது வீடு பாக்கி. போட்டுட்டேன்."

"எல்லா விதியையும் தளர்த்தியாச்சு, பூட்ஸ் விதி மட்டும் கெட்டியா இருந்திருக்கு," என்றேன் நான்.

"பாதிப் புழுவ ஆபீஸ்ல குடுத்துட்டேன். மீதிய வளத்துப் பாத்து என்னா கொசுன்னு எழுதணும். அதான் இந்த பாட்டிலு."

"ஊருக்கே கொசு கடிச்சு கை கால் வெளங்கல," என்றார் சின்னம்மாள். "இவ வூட்டுக்குள்ள வச்சு வளக்கறா!"

மேடம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். "வெண்மதி, தினம் எத்தனை தொட்டி பாக்கற?"

"எழுவது, எம்பது."

"அதுலல்லாம் புழு எப்படி இருக்கும்?"

"சின்னது, பெருசு, கூட்டுப்புழு எல்லாம் கலந்து..." வெண்மதி பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டிலைப் பார்த்தாள். "இதுல எல்லாம் ஒரே சைஸ்!"

"ஒரே கிளாஸ் பசங்க," என்றேன்.

"யாரோ கொண்டுபோய்ச் சேர்த்தாத்தான் ஒரே கிளாஸ். இது தானா வந்த கூட்டமில்ல சுரேந்தர். அடியில வண்டல் இருக்கு பாரு."

கீழே மருந்துக்கடையிலிருந்து ஒரு இங்க் ஃபில்லர் வரவழைத்தார். வண்டலை உறிஞ்சிக் காகிதத்தில் விட்டு மோந்து பார்த்தார். பிறகு என் மூக்கருகே நீட்டினார். எனக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும்.

"நாய் பிஸ்கட். என் மாமனார் வீட்டு நாய்க்கு இதுதான் காலை டிபன். அங்க எனக்கு அதுவும் கெடையாது."

வெண்மதி நிமிர்ந்தாள். "லேப்ல கொசு வளக்கறப்போ நாய் பிஸ்கட்டப் பொடி பண்ணித்தான் போடுவாங்க மேடம். காலேஜ்ல படிச்சிருக்கேன்."

"மாவட்டமே கொசுவை ஒழிக்கப் பாடுபடுது. பிஸ்கட் போட்டு வளக்கற புண்ணியவான் யாரு?"

எனக்குப் பொறி தட்டியது. "மேடம், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒருத்தன் கொசு விரட்டற தைலம் விக்கறான். கூண்டு நிறையக் கொசு வச்சிருப்பான். தைலம் தடவின கையை உள்ள விட்டா கடிக்காது. தடவாத கையை விட்டா..."

"பொண்ணு படிச்சது வீண் போகல, நீ ஊர் சுத்தினதும் வீண் போகல," என்று மேடம் எழுந்தார். வாசலில் நின்று சின்னம்மாளிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஆறு கெட்டா ஊத்துத் தண்ணியும் கெட்டிருக்குமே, குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"லாரி வருதும்மா. நிவாரணம்னு கம்பெனி செலவுல அனுப்புறாங்களாம். வியாழக்கிழமை காலைலேருந்து ரெண்டு நடை."

மேடம் காது மடலைத் தேய்த்துக்கொண்டார்.

சிதம்பரம் பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தோம். அதில் முப்பது பேர் உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றுகொண்டு வந்தார்கள். மிச்சம் இருபது பேர் எழ முடியாமல் தங்கள் ஊரைத் தாண்டி வந்தார்கள்.

காத்தவராயனைத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் சைக்கிள்களும் ஆட்டோக்களும் அவருக்காகவே நின்றிருந்தன. நடுவில் கொசுவலைக் கூண்டு. "தடவின கை தங்கக் கை! தடவாத கை தருமக் கை!" என்று குரல் கொடுத்தார். கூட்டம் கலைந்ததும் பின்சந்தில் இருந்த தன் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனார். கூடம் முழுக்கப் பிளாஸ்டிக் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் தேதி வாரியாகப் புழுக்கள். மூலையில் நாய் பிஸ்கட் மூட்டை. நாய் எதையும் காணோம்.

"நம்ம கொசுவுக்கு வியாதி கெடையாதும்மா," என்றார் பெருமையாக. "வூட்டுலயே பொறந்து வூட்டுலயே வளந்தது. வெளிய தெருவ எங்கயும் போனதில்ல. ஊரே கொசுவ அடிக்குது, நான் மட்டும்தான் அதுக்குச் சோறு போடறேன். அதுவும் எனக்குப் போடுது."

"நல்ல தைலமா?"

"கைய வுட்டுப் பாருங்க."

"என் அசிஸ்டண்ட் விடுவார்."

"மேடம்!"

"உனக்குத்தான் ஏற்கனவே வந்துடுச்சே. திரும்ப வராதாம்."

தடவாத கையைத்தான் விட வைத்தார். நான் போட்ட சத்தத்தில் காத்தவராயன் மனம் இளகி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆமாம், போன செவ்வாய்க்கிழமை ஒருவர் ஒரு பாட்டில் புழு வாங்கிப் போனார். வீட்டில் வண்ண மீன் வளர்க்கிறாராம், அதற்குத் தீனி. பெயர் தெரியாது.

"ஆள் எப்படி இருந்தார்?" என்றேன் கையைச் சொறிந்துகொண்டே.

"வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மீசை."

"மாவட்டத்துல பாதிப் பேர்."

"பேருதான் தெரியாது சார், மூஞ்சி மறக்காது. எங்கிட்ட ஒருதரம் வாங்குனவர எத்தினி வருஷம் கழிச்சுப் பாத்தாலும் கூப்புட்டுப் பேசுவேன். யாவாரமே அதுலதான் இருக்கு."

மேடம் அவர் பேச்சைக் கேட்டமாதிரி தெரியவில்லை. உத்திரத்தில் தொங்கிய வஞ்சிரம் கருவாட்டுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது?"

"அவுரு குடுத்ததுதான். புழுவுக்கு என்னாத்த வாங்குறதுன்னு சொன்னேன். ஒருத்தர் வாசலுக்கு வெறுங்கையோட போற பழக்கம் எங்க ஊர்ல இல்லன்னு இத மாட்டிட்டுப் போனாரு. நல்ல மனுஷன்."

கட்டியிருந்த நூலை மேடம் என்னிடம் காட்டினார். பச்சை நைலான். இழுத்தால் இறுகும் முடிச்சு.

"கம்பெனிக்காரன் கருவாடு வாங்குவான், இப்படிக் கட்ட மாட்டான்," என்றார் தாழ்ந்த குரலில். "இது வலை பின்னுற கை போட்ட முடிச்சு."

காலையில் சின்னம்மாளின் கூடையைக் கட்டியிருந்தது இதே பச்சை நூல், இதே முடிச்சு. வெண்மதியின் அப்பா சிங்காரம் மகளுக்கு நிரந்தர வேலை கேட்டுக் கம்பெனிக்காரர்களிடம் அலைந்தவர் என்று சின்னம்மாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். பெண்ணைக் காப்பாற்றப் போய் அப்பனைக் காட்டிக் கொடுக்கப் போகிறோமா?

மேடம் காத்தவராயனிடம் திரும்பினார். "கடலூர் பக்கம் ஒரு குப்பம். முன்னூறு வீடு. எல்லா வீட்டுலயும் ஒருத்தர் படுத்திருக்கார். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மொத்த ஊரும் ஒரே இடத்துல கூடும். வர்றீங்களா?"

அவர் உடனே கூண்டைத் துணியால் மூடத் தொடங்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் சந்தேகத்தைச் சொன்னேன். "மேடம், சிங்காரமா இருந்தா?"

"குப்பம் முழுக்க அதே நூல்தான்."

"இருந்தாலும்..."

"இருந்தா அதையும் சொல்லித்தான் ஆகணும்," என்றார் மேடம்.

ஈச்சமேட்டில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. ஆற்றிலிருந்து வந்த நாற்றத்துக்கு எல்லோரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். நடுவில் பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி. பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் விருந்தாளியாக மேனேஜர் ஜெயப்பிரகாஷ், காலடியில் இலவசக் கொசுவலைப் பெட்டி. சற்றுத் தள்ளி, புதுப் பெயின்ட் மினுமினுக்க 'நிவாரணக் குடிநீர்' லாரி. காத்தவராயனை அதன் பின்னால் நிறுத்தி, கூப்பிட்டால்தான் வர வேண்டும் என்று மேடம் சொல்லி வைத்தார். சிங்காரம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குற்றவாளிபோல் மகள் பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"கம்பெனிமேல எந்தத் தப்பும் இல்ல," என்றார் ஜெயப்பிரகாஷ் சுற்றறிக்கையை உயர்த்தி. "சுகாதார உத்தரவுக்குக் கட்டுப்பட்டோம். உங்க ஊர்ப் பொண்ணுதான் சர்டிபிகேட் குடுத்தது."

"ஊரு சோத்துல மண்ணு போட்ட குடும்பத்த என்னா பண்றது?" என்று கேட்டார் கலியமூர்த்தி. "தீர்ப்பச் சொல்லிடலாமா?"

"ஒரு அஞ்சு நிமிஷம்," என்று மேடம் நடுவில் போய் நின்றார். "அந்தத் தொட்டித் தண்ணி யார்கிட்டயாவது இருக்கா?"

சிங்காரம் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்தார். தொட்டியைத் திறந்தபோது கம்பெனிக் குழாய் ஆற்றில் விழும் இடத்திலேயே பிடித்து வைத்ததாம். மேடம் அதில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து பத்துப் புழுக்களை எடுத்து அதில் விட்டு, என்னை மணி பார்க்கச் சொன்னார். ஊரே எட்டிப் பார்த்தது. முதல் நிமிடம் புழுக்கள் துள்ளின. இரண்டாவது நிமிடம் சுருண்டன. நான்காவது நிமிடம் எல்லாம் அடியில் கிடந்தன.

"நாலு நிமிஷம்," என்றேன். ஜெயப்பிரகாஷும் தன் வாட்சைப் பார்த்து டைரியில் எதையோ குறித்துக்கொண்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாலு நிமிஷம் உயிரோட இருக்க முடியாத தண்ணியில இதுங்க பொறந்து வளந்துச்சாம்," என்றார் மேடம். "இது தொட்டியில இருந்த புழு இல்ல. வெளியிலேருந்து வந்தது."

கூட்டம் சலசலத்தது. கலியமூர்த்தி கையை உயர்த்தினார். "அப்ப சரியாப் போச்சு! கொசுப்புழுவோட பொழங்குறவ இந்தப் பொண்ணு ஒருத்திதான். இவதான் வெளியிலேருந்து கொண்டாந்து வச்சு ஊரக் கெடுத்திருக்கா! தள்ளி வைக்கிறது பத்தாது!"

"அய்யோ!" என்று சின்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். வெண்மதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் லாரிப் பக்கம் திரும்பி, கூப்பிட வாயைத் திறந்தார்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒரே இடத்தில் முன்னூறு வாடிக்கையாளர்களைப் பார்த்த வியாபாரிக்கு அதற்குமேல் பொறுமையில்லை. "தடவின கை தங்கக் கை!" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு காத்தவராயன் நடுவில் பாய்ந்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அடடே, அண்ணே! நீங்க இந்த ஊரா? வாங்கிட்டுப் போன புழுவ மீனுங்க நல்லாத் தின்னுச்சா? உங்க வஞ்சிரம் கருவாட்ட இன்னும் நான் பிரிக்கவே இல்லியே!"

அவர் கும்பிட்டது கலியமூர்த்தியை.

ஊர் மொத்தமும் தலைவர் பக்கம் திரும்பியது.

"எ... எந்த ஆளு இது? நான் வண்ண மீனுக்குன்னு..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"மீனுன்னுதான் அவரு சொன்னாரு, வண்ண மீன்னு நீங்களாத்தான் சொல்றீங்க," என்றார் மேடம். "இன்னொரு சந்தேகம். மீன் செத்தது வெள்ளிக்கிழமை. நிவாரண லாரி வந்தது வியாழக்கிழமை காலையில. ஆறு கெடறதுக்கு ஒரு நாள் முன்னாடியே நிவாரணம் வந்த ஊரு இது ஒண்ணுதான். லாரி யாருது?"

"தலைவரு மச்சானுது!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன.

அதற்குமேல் மேடத்துக்கு வேலை இருக்கவில்லை. குடிநீர் லாரி ஒப்பந்தத்துக்காக ஜெயப்பிரகாஷிடம் புழு வாங்கிக் கொடுத்ததைக் கலியமூர்த்தி இருட்டுவதற்குள் தன் வாயால் சொன்னார். வைத்திலிங்கம் என்ற பெரியவர் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். அவ்வளவுதான் பதவி. நான் சிங்காரத்தின் பக்கத்தில் போய் நின்றேன். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது தெரியாது, என் கையில் இருந்த கொசுக்கடியைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

எல்லாம் முடிந்தது என்று கூட்டம் எழுந்தபோது வெண்மதி பேசினாள்.

"புழு கொண்டாந்தது தலைவரு. ஆனா பாக்காத தொட்டிக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான். எனக்கும் தண்டன குடுங்க."

பெரியவர் வைத்திலிங்கம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாரம் கோயில்ல வெளக்கேத்து," என்றார். "இனிமே பாத்துட்டுப் போடு தாயி."

நியாயமாக அத்தியாயம் இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமை காலை வெண்மதி மறுபடி எங்கள் பதினெட்டுப் படிகளையும் ஏறி வந்தாள். கையில் ஒரு கடிதத்தின் நகல். சுற்றறிக்கை அனுப்பிய மேலிடத்துக்கு நீலதாரா கெமிக்கல்ஸ் எழுதியது.

'எங்கள் ஆலைக் கழிவுநீர் நான்கே நிமிடங்களில் கொசுப்புழுக்களை முற்றிலும் ஒழிப்பது, ஈச்சமேடு கிராமத்தில் பொதுமக்கள் முன்னிலையில் நிரூபிக்கப்பட்டுள்ளது. சோதனையை நடத்தியவர் துப்பறிவாளர் திருமதி ராமாமிர்தம். எனவே கொள்ளைநோய்த் தடுப்பு நடவடிக்கையாக, மீதமுள்ள ஐந்து தொட்டிகளையும் ஊர் வாய்க்கால்களில் திறந்துவிட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

"உங்க பேரை முழுசாப் போட்டிருக்கான் மேடம், எழுத்துப்பிழைகூட இல்ல," என்றேன். மேடம் சிரிக்கவில்லை. காது மடலையும் தொடவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். இருபத்தாறு வருடம் அடுத்தவர் பேச்சைக் கேட்டவர் முதல் தடவையாகத் தன் பேச்சையே திரும்பக் கேட்டதுபோல் இருந்தார். அந்த நான்கு நிமிடத்தை ஜெயப்பிரகாஷ் கையில் எடுத்துக் கொடுத்தது நாங்கள்தான் என்பது எனக்கும் உறைத்தது.

"சுகாதாரப் பணியாளர் சான்று வேணுமாம்," என்றாள் வெண்மதி. "எனக்குத்தான் ஆர்டர் போட்டிருக்காங்க. சுரேந்தர் அண்ணே, உங்க ஹெல்மெட்டக் குடுங்க."

கம்பெனி கேட்டில் ஜெயப்பிரகாஷ் சிரித்த முகத்தோடு பேனாவை நீட்டினார். "உள்ள போகணும்னு அவசியமில்லம்மா. டம்ளர்லதான் எல்லாரும் பாத்துட்டோமே."

வெண்மதி என் ஹெல்மெட்டை மாட்டினாள். அப்பாவின் ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டாள். பூட்ஸ் இரண்டு சைஸ் பெரியது. பாதுகாப்பு விதியைப் பாதுகாப்பு விதியாலேயே தாண்டி அவள் உள்ளே போனாள். மேடமும் நானும் கேட்டுக்கு வெளியே நின்றோம். அரைமணி நேரம் கழித்து, கண்கள் சிவந்து, இருமிக்கொண்டே வந்தாள். கேட் சுவரில் படிவத்தை வைத்து எழுதினாள். தோளுக்குமேல் எட்டி நான் படித்தேன்.

'கொசுப்புழு இல்லை. தவளை இல்லை. தட்டான் இல்லை. கரையில் புல் இல்லை. தொட்டியருகே உயிரோடு நின்றது நான் மட்டும், அரைமணி நேரம். திறந்துவிடக் கூடாது.'

"கூடாதுன்னு எழுத ஃபாரத்துல கட்டமே இல்லியேம்மா," என்றார் ஜெயப்பிரகாஷ்.

"நான் போட்டுக்கிட்டேன் சார்." கட்டம் போட்டு, அதற்குள் முழுப் பெயரையும் பட்டத்தையும் தேதியையும் எழுதி, அடியில் 'நேரில் பார்த்தது' என்று சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

ஜெயப்பிரகாஷின் சிரிப்பு மறைந்தது. "உன் கான்ட்ராக்ட் இந்த மாசக் கடைசியோட முடியுது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதுவரைக்கும் ஆர்டர் இருக்கு. நாளைக்கும் வருவேன், அடுத்த தொட்டியப் பாக்கணும்." ஹெல்மெட்டைக் கழற்றி வாட்ச்மேன் மேஜைமேல் வைத்தாள். "தினம் தூக்கிக்கினு வர முடியாது. இங்கயே இருக்கட்டும்."

அது என்னுடைய ஹெல்மெட்.